பின்னணியைக் கழித்த பிறகு

5.11.1984, திங்கள்

காலையிலிருந்து மழை. பள்ளியில் பாதிப் பிள்ளைகள் இல்லை. என் மனைவி சரோஜாவுக்கு இருமல் இரண்டு மாதமாக நிற்கவில்லை. இன்று தேயிலைக் கொழுந்தெடுக்கப் போக வேண்டாம் என்றேன். கேட்டால்தானே.

ஞாயிறு பத்திரிகைக்கு அறிவியல் கட்டுரை பாக்கி. எஸ்டேட் கணக்கெழுதும் கிராணியார் துரை பங்களாவிலிருந்து கொண்டுவந்த ஆங்கில இதழில் ஒன்று அகப்பட்டது. வானத்தில் எந்தப் பக்கம் எக்ஸ்ரே தொலைநோக்கியைத் திருப்பினாலும் மங்கலாக ஒரு வெளிச்சமாம். ஆங்கிலத்தில் பேக்ரவுண்ட். ‘பின்னணி எக்ஸ்ரே’ என்று எழுதினேன். சரோ சிரித்தாள்.

“பின்னணியா? யாரு பாடுறா?”

சிரிப்பு இருமலாகிவிட்டது. பத்து நிமிடம்.

6.11, செவ்வாய்

எஸ்டேட் லோரியில் டவுன் ஆஸ்பத்திரி. சரோவுக்கு நெஞ்சுப் படம். வலப்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு. படம் எடுப்பவர் சொன்னது:

“ஃபிலிம்ல ஈரம் ஏறிருச்சி சார். மலையில இது சகஜம்லா. பேக்ரவுண்டே மூட்டமா இருக்கு. வெள்ளிக்கிழம வாங்க, திரும்ப எடுப்போம்.”

அந்தத் திட்டும் மூட்டந்தானா என்று கேட்கவில்லை. வரும் வழியில் சரோவிடம், “வெறும் பின்னணிதான்” என்றேன். என் சொல்லை நானே நம்பினேன்.

வாங்கியவை: சீனி, மண்ணெண்ணெய், இருமல் மருந்து.

7.11, புதன்

பனிமூட்டம். கட்டுரை பாதி. சூரியனிலிருந்து ஓயாமல் ஒரு காற்று. மின்னேற்றத் துகள்கள். நொடிக்கு ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர். பின்னணி வெளிச்சம் வருவது அதையும் தாண்டி, வெகு தொலைவில் கொதிக்கும் வாயுவிலிருந்து என்கிறது இதழ். முழு நிச்சயம் இல்லையாம். சரோவுக்குப் படித்துக் காட்டினேன்.

“ஏங்க, அவ்ளோ வேகமாப் போற காத்து ஒண்ணுலயும் முட்டாமயா போவும்? முட்டுற எடத்துலதான் மினுக்குதோ என்னமோ.”

“அப்படியெல்லாம் இல்ல.”

“போயிப் பாத்தீங்களா?”

இதழில் இல்லை, அதனால் இல்லை என்றேன். வாத்தியார் புத்தி.

வானியலார் முறை: ஒன்றுமில்லாத இடத்தைப் படமெடுத்து, அந்த வெளிச்சத்தைக் கழித்துவிட வேண்டும். மிஞ்சுவதுதான் உண்மையில் இருப்பது. இந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

9.11, வெள்ளி

மழை இல்லை. இரண்டாவது படம். மூட்டம் துளியும் இல்லை. திட்டு அதே இடத்தில். சரோவை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டர் என்னிடம் சொன்னார்.

“காசம் இல்ல சார். கட்டி. பெருசாயிருச்சி.”

சரி என்றேன். நன்றி சொன்னேன். லோரியில் முட்டைக்கோஸ் மூட்டைமேல் உட்கார்ந்து வந்தோம்.

10.11, சனி

கட்டுரையைத் தபாலில் போட்டேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: சூரியக் காற்று எதிலாவது முட்டி இந்த வெளிச்சத்தில் ஒரு பங்கு உண்டாகிறதா என்று என் மனைவி கேட்கிறாள், எனக்குத் தெரியவில்லை.

மாலையில் சரோவிடம் கட்டி என்று சொல்லிவிட்டேன். அழவில்லை. அவிழ்ந்த கூந்தலை முடிந்துகொண்டாள்.

“எத்தன நாளுன்னு டாக்டர்கிட்ட கேட்டீங்களா?”

கேட்கவில்லை என்றேன். கேட்டிருந்தேன்.