இடப்பக்கம் போன குண்டு

வோபர்ன், ஸ்காபரோ
செப்ரெம்பர் 14, 2024

அன்பு மகள் ஸ்டெபனிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம். தூர வடக்கே யூகோனில் இப்போதே குளிர் தொடங்கியிருக்கும். நீ நலமாக இருக்கவேண்டும் என்று பூசை தவறாமல் மன்றாடுகிறேன். எழுத்துகளைப் பெரிதாக, பிரித்துப் பிரித்து எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நீ படித்தது இதற்குப் போதும். ஆங்கிலத்தில் எழுதினால் உனக்குச் சுலபம்தான். ஆனால் அன்றைக்கு அந்தப் பேச்சைத் தமிழில்தான் பேசினேன். ஆகவே இதையும் தமிழில்தான் சொல்லவேண்டும்.

முதலில் வீட்டுப் புதினம். அம்மாவின் முழங்கால் நோ குறைந்திருக்கிறது. ஒஷாவாவில் வாங்கிய வீட்டின் பேஸ்மென்டில் மழைத் தண்ணீர் வருகிறதென்று உன் தம்பி ஜூலியன் தலையில் கை வைத்துக்கொண்டு இருக்கிறான். நான் போய்ப் பார்த்தேன், கூரைத் தண்ணீர் இறங்கும் பீலி அடைத்திருந்தது, அவ்வளவுதான். வேலையிலிருந்து ஓய்வெடுத்த பிறகு எனக்கு இப்படி யாராவது கூப்பிட்டால் சந்தோசமாக இருக்கிறது.

ஜூன் மாதம் உன் வேட்டைத் துவக்கை விற்றுவிடச் சொல்லி அம்மாவிடம் சொல்லியிருந்தாய். நான் மறுக்கவில்லை. வாங்குவதற்குத் துர்க்கா என்று ஒரு பெண் வந்தாள். உன்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள், மிசிசாகாவில் வேலை. சுட்டுப் பார்த்துத்தான் வாங்குவேன் என்றாள். ஒஷாவாவுக்கு வடக்கே நாம் வழக்கமாகப் போகும் சூட்டு மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். நான் பூட்டிய இரண்டுகால் தாங்கி துவக்கின் முன்பக்கத்தில் அப்படியே இருந்தது. அவள் அதில் வைத்து இருநூறு மீற்றருக்கு மூன்று தரம் சுட்டாள். மூன்றும் ஒரு சாண் இடப்பக்கம் விழுந்தன. தாங்கியைக் கழற்றிவிட்டு மணல்பையில் வைத்துச் சுட்டாள். மூன்றும் நடுவில்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் தாங்கியைத் திரும்பப் பூட்டி, ஒரு கடதாசித் துண்டை எடுத்துக் குழலுக்கும் அதைத் தாங்கும் அடிக்கட்டைக்கும் இடையில் விட்டாள். துவக்கைக் கையில் பிடித்திருக்கும்போது கடதாசி தடையில்லாமல் ஓடியது. தாங்கியில் நிறுத்தி முன்னால் அழுத்தியதும் இறுகி நின்றுவிட்டது.

“அங்கிள், பாரமில்லாத துவக்கெண்டபடியா கட்டை மெல்லிசு. கால் பூட்டினா வளைஞ்சு குழலில முட்டுது, அதுதான் குண்டு விலகிப் போகுது. ஆர் இதைப் பூட்டினது?” என்று கேட்டாள்.

நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மகள். முப்பத்தொரு வருடம் லேத் மெஷினில் நின்றவன். மயிரிழை அளவை விரலால் தடவிச் சொல்வேன் என்று பீற்றிக்கொண்டவன்.

போன நவம்பரில், வேட்டைக்கு முதல் நாள், தூரத்துச் சூட்டுக்கு ஆடாமல் நிற்கும் என்று சொல்லி அதைப் பூட்டியது நான். “அப்பா, பூட்டின பிறகு ஒருக்கால் சுட்டுப் பாப்பம்” என்று நீ கேட்டாய். தேவையில்லை என்றேன். அடுத்த நாள் பான்க்ரொஃப்ட் காட்டில், குளத்துக்கு அந்தப் பக்கம் அந்த மான் வலப்பக்கம் பார்த்து நின்றது. நீ அவசரப்படவில்லை. மூச்சை அடக்கி, நெஞ்சுக்குக் குறி வைத்தாய். குண்டு பின்வயிற்றில் பட்டது. நாலு மணித்தியாலம் இரத்தச் சொட்டுகளைப் பார்த்துப் பார்த்து நடந்தோம். நீ முழங்கால் அளவு சேற்றில் இறங்கித் தேடினாய். கிடைக்கவில்லை. எங்கேயோ கிடந்து செத்திருக்கும். நீ அழுதாய். அப்போது எங்களோடு வந்திருந்த என் சிநேகிதன் றெமிஜியசுக்கு முன்னால் நான் சொன்னேன்: “கை நடுங்கிறவளுக்குத் துவக்கு என்னத்துக்கு? உந்தக் கையாலயோ நோயாளிகளுக்கு ஊசி போடுறாய்?”

ஜனவரியில் நீ யூகோன் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டாய். நல்ல சம்பளம், புது இடம் என்று எல்லோருக்கும் சொன்னேன்.

துர்க்காவிடம் விற்கவில்லை. மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று மாதமாகக் கராஜில் அந்தத் துவக்கோடுதான் இருந்தேன். தாங்கியைக் கழற்றி எறிந்தேன். குழல் இருக்கும் பள்ளத்தை உப்புக்கடதாசியால் தேய்த்து அகலமாக்கினேன். கட்டை வளையாமல் இருக்க உள்ளே இரண்டு காபன் கம்பி வைத்து ஒட்டினேன். தோளில் வைக்கும் பக்கம் கொஞ்சம் ஈயம் சேர்த்தேன், ஆட்டம் குறைவதற்கு. மலையில் ஏறித் தூக்கிக்கொண்டு நடப்பதற்காகத்தான் நீ பாரமில்லாததாக வாங்கினாய். ஆகவே எல்லாமாக இருநூறு கிராமுக்கு மேல் கூட்டவில்லை. இப்போது எதில் வைத்துச் சுட்டாலும் ஒரே இடத்துக்குப் போகிறது. ஒரு தரம் இல்லை, ஆறு கிழமை போய்ச் சுட்டுப் பார்த்தேன்.

வேலை முடிந்தும் உனக்கு எழுதவில்லை. துவக்கைத் திருத்துவது எனக்குச் சுலபமாக இருந்தது. றெமிஜியசிடம் மட்டும் பூசை முடிந்து கார் நிறுத்துமிடத்தில் வைத்துச் சொன்னேன். பிழை என்னில்தான், பிள்ளையில் இல்லை என்றேன். அவன், “மரியரட்ணம், இதை ஏன் எனக்குச் சொல்லுறாய்? பிள்ளைக்குச் சொன்னனியோ?” என்றான். வீட்டுக்கு வந்து பேனையை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

போன கிழமை அம்மா என்னிடம் ஒன்று சொன்னாள். ஒரு குழந்தைக்கு நரம்பில் ஊசி ஏற்றப் போனபோது நான் சொன்ன பேச்சு உனக்கு ஞாபகம் வந்ததாம். கையை எடுத்துவிட்டு இன்னொரு தாதியைக் கூப்பிட்டாயாம். அதைக் கேட்ட பிறகுதான் பேனையைத் திரும்ப எடுத்தேன். இனியும் எழுதாமல் இருந்தால் நான் தகப்பனில்லை.

ஸ்டெபனி, அன்றைக்கு உன் கை நடுங்கவில்லை. நான் உனக்குப் பக்கத்தில் படுத்திருந்து தூரப்பார்வைக் கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தேன். துவக்கு அசையவில்லை. அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் பழியை உன்னில் போட்டேன். என் வேலையில் பிழை இருக்கும் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. துவக்கைவிட இதைத்தான் உனக்கு எழுதவேண்டியிருந்தது.

இந்த வருடம் நான் வேட்டைக்கு விண்ணப்பிக்கவில்லை. உன் துவக்கு பூட்டிய அலுமாரியில் இருக்கிறது. விற்கச் சொன்னால் விற்கிறேன். உனக்கு அனுப்பச் சொன்னால் சட்டப்படி எப்படி என்று விசாரித்து அனுப்புகிறேன். அது உன்னுடைய பொருள், உன்னுடைய முடிவு.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ அம்மாவுக்கு ஃபோன் எடுக்கும்போது நான் குசினி மேசையில் பேப்பர் படிக்கிற மாதிரி இருப்பேன். அம்மா சத்தத்தைக் கூட்டி வைப்பாள். அங்கே கதவு சாத்துகிற சத்தம், நீ தேத்தண்ணி குடிக்கிற சத்தம் எல்லாம் எனக்குக் கேட்கும். நீ சிரித்தால் அம்மா என்னைத் திரும்பிப் பார்ப்பாள். இத்தனை மாதத்தில் ஒருநாளும் அப்பா எங்கே என்று நீ கேட்கவில்லை; கேட்கவேண்டிய கடமையும் உனக்கில்லை. என்றைக்காவது கேட்க மனம் வந்தால் கேள், மகள். பக்கத்தில்தான் இருக்கிறேன்.

ஆண்டவர் உன்னோடு இருந்து, நீ தொடுகிற ஒவ்வொரு நோயாளியையும் சுகப்படுத்தட்டும்.

உன்னைப் பார்க்க ஆசையோடு,
அப்பா
மரியரட்ணம்