பனியில் ஆடச் சொன்ன அத்தியாயம்

1957 டிசம்பர் 2, திங்கள். மகாபலிபுரம்

சென்னையிலிருந்து பதிப்பாசிரியர் கோதண்டராமனின் கடிதம். நான் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிய சிறுவர் விளையாட்டுப் புத்தகத்தில் பதினோரு அத்தியாயங்கள் ‘அர்புதம்’ என்கிறார். பன்னிரண்டாவதை, குளிர்கால விளையாட்டுகளை, எடுத்துவிட வேண்டுமாம். “நம் பிள்ளைகளுக்குப் பனி ஏது, பனிச்சறுக்கு ஏது? காகிதம்தான் வீண்.”

அற்புதத்தை அர்புதம் என்று எழுதுகிறவர் என் அத்தியாயத்தை வெட்ட வருகிறார்.

உடனே பதில் எழுதினேன். பன்னிரண்டும் வந்தால் புத்தகம். இல்லையென்றால் கைப்பிரதி திரும்பி வரட்டும். நான் படித்த கான்வென்டில் மதர் பிலோமினா ஒரு வரியைக்கூடத் தாண்டிப் படிக்க விட்டதில்லை. அறுபத்தாறு வயதில் நான் ஏன் தாண்ட வேண்டும்?

தபாலில் போட்ட பிறகுதான் உறைத்தது. இரண்டு வருஷ உழைப்பு. உண்மையிலேயே திருப்பி அனுப்பிவிட்டால்?

டிசம்பர் 3

வருத்தமில்லை. நேற்றைய கடைசி வரியை அடித்துவிட நினைத்தேன். பக்கம் அசிங்கமாகிவிடும்.

டிசம்பர் 12, வியாழன்

பதில் வந்தது. கோதண்டராமன் ஜனவரி முதல் சனிக்கிழமை நேரில் வருகிறார். “அந்த அத்தியாயத்தில் உள்ள ஒரே ஒரு விளையாட்டை உங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்று ஆடிக் காட்டட்டும். அச்சுக்கு அனுப்புகிறேன். இல்லையேல் பதினொன்றோடு சரி என்று ஒப்புக்கொள்ளுங்கள்.”

நியாயமான பேச்சு. எழுத்துப் பிழையும் இல்லை. பக்கத்து வீட்டுச் சந்திரம்மாவின் மகள் பூவாயியைக் கூப்பிட்டு அத்தியாயத்தின் பிரதியைக் கொடுத்தேன். படித்து, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, எழுதியிருப்பதை எழுதியபடியே ஆடிப் பார் என்றேன். தமிழ் சரியாக இருந்தால் யாரும் பக்கத்தில் நின்று விளக்க வேண்டியதில்லை.

டிசம்பர் 18, புதன்

அவமானம். வேறு சொல் இல்லை.

நேற்று விடியலில் பிள்ளைகள் எழுந்து போய், பாறைப் பக்கத்துப் புல்வெளி முழுக்கத் துண்டுகளைப் போட்டு இழுத்திருக்கிறார்கள். ஈரத்தை ஒரு சட்டியில் பிழிந்து, உருண்டை பிடிக்கப் பார்த்தார்களாம். நான் எழுதியிருந்தது: “பனியைக் கை நிறைய அள்ளி உருண்டையாகப் பிடி.” இலக்கணத்தில் குறை சொல்ல முடியாத வாக்கியம்!

காலையில் சந்திரம்மா வாசலில் நின்றாள். கோயிலுக்கு வருகிறவர்களுக்கு வேர்க்கடலை வறுத்து விற்கிறவள். கூவிப் பழகிய தொண்டை.

“யம்மா தொரசானி! பனியில ஆடுன்னு எழுதிக் குட்த்தியாமே? ராத்திரி பூரா புள்ள இருமிகினு கீது. தைலம் தேய்க்கிறது யாரு, நீயா?”

“அது இந்தப் பனி இல்லை, சந்திரம்மா. வெளிநாட்டுப் பனி.”

“அந்தூர்ப் பனியில இருமல் வராதா?”

வரும்தான்.

“அத்த நீ ஆடிப் பாத்தியா? பாக்காமயே எழுதிட்டியா?”

தெருவில் நாலு பேர் நின்றார்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தேன்.

அவள் கேட்டது உறுத்துகிறது. மற்ற பதினோரு அத்தியாயங்களிலும் ஒவ்வொன்றையும் செய்து பார்த்த பிறகுதான் எழுதினேன். காற்றாடிக்காக மட்டும் இரண்டு மூங்கில் தட்டியைப் பாழாக்கினேன். இதை மட்டும் அகராதியைப் பார்த்து எழுதினேன்.

டிசம்பர் 19

வெண்பனி. உறைபனி. மூடுபனி. எதை எழுதினாலும் இங்கே அது புல்லில்தான் கிடக்கிறது.

டிசம்பர் 20, வெள்ளி

மீன் வியாபாரி நைனா முகம்மதுவின் வாடிக்குப் போனேன். நான் மீன் வாடிக்கு! மூக்கில் கைக்குட்டை. மீன் கெடாமலிருக்கச் செங்கல்பட்டிலிருந்து அவருக்கு லாரியில் பனிக்கட்டி வருகிறது என்று கேள்விப்பட்டிருந்தேன்.

“பனிக்கட்டி கொஞ்சம் வேண்டும்.”

“பனங்கட்டியா? வெல்லம்லாம் கழுக்குன்றம் சந்தைலதாம்மா. இங்க மீனுதான்.”

“வெல்லம் இல்லை. பனிக்கட்டி. உறைந்த நீர்.”

அவர் ஆட்களைப் பார்த்தார். ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். மரத்தூள் குவியலிலிருந்து ஒரு மூலை பளபளத்தது. விரலை நீட்டிக் காட்டினேன்.

“அட, ஐஸு! அத்த சொல்லாம இன்னாம்மா நீ...”

“ஆமாம்,” என்றேன். “ஐஸ்.”

தமிழ்ப் புத்தகத்தில் அந்தச் சொல்லை ஏற்ற மாட்டேன் என்று பூவாயியிடம் போன வாரம்தான் சொல்லியிருந்தேன். சொல்லிவிட்டேன். வானம் இடிந்து விழவில்லை.

பிள்ளைகள் விளையாட என்றதும் நைனா முகம்மது சிரித்தார். “எட்த்துகினு போம்மா. கரையுற சாமானுக்கு இன்னா கணக்கு?” அடுத்த சனிக்கிழமை ஒரு கட்டி அனுப்புகிறார்.

டிசம்பர் 28, சனி

கொல்லையில் இன்று பதினைந்து பிள்ளைகள். ஐஸ் சாக்கில் வந்தது. கழுவியும் வஞ்சிர மீன் வாசனை போகவில்லை. பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

கையில் ஐஸ் துண்டோடு கிணற்றைச் சுற்றி ஓடும் போட்டி: பூவாயி ஜெயித்தாள். யாருடைய துண்டு கடைசிவரை கரையாமல் இருக்கும் என்பதில் எல்லாரும் ஏமாற்றினார்கள். ஒருவன் வாயில் ஒளித்து வைத்திருந்தான்.

அடுத்தது நூல் வித்தை. ஈர நூலை ஐஸ்மேல் கிடத்தி, உப்பைத் தூவி, நூறு எண்ணினால் நூலோடு ஐஸ் எழும் என்று எழுதியிருந்தேன். எழவில்லை. மறுபடி. எழவில்லை. கல்லுப்பு அப்படியே உட்கார்ந்திருந்தது. அம்மியில் நுணுக்கிப் போட்டோம். எழுந்தது! பிள்ளைகள் போட்ட கூச்சலில் காக்கைகள் பறந்தன. பிரதியில் ‘உப்பு’ என்பதை ‘தூள் உப்பு’ என்று திருத்தினேன். உப்பு இலாகாவில் முப்பது வருஷம் இருந்தவரின் மனைவி இதை முன்பே எழுதியிருக்க வேண்டாமா? அவர் உயிரோடு இருந்திருந்தால் ஒரு வாரம் கேலி செய்திருப்பார்.

பனிமனிதன் மட்டும் ஆகவில்லை. ஐஸைச் சுரண்டிச் சேர்த்தோம். மூக்கு வைப்பதற்குள் தலை போய்விட்டது.

சந்திரம்மா சுவருக்கு அப்பால் நின்று பார்த்தாள். கோதண்டராமன் வரட்டும், இனிக் கவலையில்லை.

1958 ஜனவரி 4, சனி

கடலில் மூன்று நாளாகக் கொந்தளிப்பு. கட்டுமரம் இறங்கவில்லை. மீன் இல்லை, மீன் இல்லாததால் ஐஸும் வரவில்லை. இதை யோசிக்கவே இல்லையே நான்!

கோதண்டராமன் மாலை பஸ்ஸில் வந்து பயணிகள் பங்களாவில் தங்கியிருக்கிறார். நான் நினைத்ததைவிடச் சின்ன வயது. மரியாதையாகத்தான் பேசினார். “நாளை மதியம் கிளம்பணும், சம்பூர்ணத்தம்மா. ஐஸ் இல்லாட்டி...” முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டதுதான் சுட்டது.

பூவாயி கேட்டுக்கொண்டிருந்தாள். “பொஸ்தவத்துல கீற சறுக்குவண்டிக்கு ஐஸு வாணாம் ஆயா. காலையில வா, வெண்ணெய் உருண்டப் பாறயாண்ட,” என்றாள். ஆயா என்று கூப்பிடாதே என்று எத்தனை தரம் சொல்வது?

ஜனவரி 5, ஞாயிறு

இருள் பிரியும்போது அவரை அழைத்துக்கொண்டு போனேன். பெரிய உருண்டைக் கல்லுக்குப் பக்கத்துச் சரிவு, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் சறுக்கியே வழவழப்பானது. அதன்மேல் மார்கழிப் பனி இறங்கி நனைந்து மினுங்கியது. பிள்ளைகள் தென்னை மட்டையோடு வரிசையில் நின்றார்கள். அத்தனை பேர் தலையிலும் துண்டு. சந்திரம்மா ஒருவரையும் விடாமல் பிடித்துப் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“காது மூடிகினு ஆடுங்க! இருமல் வந்திச்சு, தொரசானிய கூப்ட்டு தைலம் தேய்க்கச் சொல்லுவேன்!”

முதலில் பூவாயி. மட்டையின் அடியைத் தூக்கிப் பிடித்து, காலை நீட்டி உட்கார்ந்து, சர்ரென்று கீழே. என் அத்தியாயத்தில் எழுதியிருந்தபடியே. பின்னாலேயே மற்றவர்கள். வெயில் ஏறிப் பாறை காய்ந்த பிறகு மட்டை நகரவில்லை.

கோதண்டராமன் குனிந்து பாறையைத் தொட்டார். ஈர விரலைப் பார்த்துக்கொண்டே, “பனிச்சறுக்குதான்மா,” என்றார். “அச்சுக்கு அனுப்பறேன்.”

வீட்டுக்கு வந்து காபி இரண்டு தரம் குடித்தேன்.

ஜனவரி 7

பனிமனிதனையும் பனி உருண்டையையும் வெட்டிவிட்டேன். மூன்று பக்கம். அவர் சொல்லி அல்ல. ஆடிப் பார்க்க முடியாததை எழுதுவதில்லை என்பதால். பனிக்கட்டி என்று இருந்த இடமெல்லாம் ஐஸ். மதர் பிலோமினா மன்னிக்கட்டும்.

பிப்ரவரி 10, திங்கள்

அச்சுப்படி வந்தது. சுத்தமான வேலை. ‘பனிச்சறுக்கு’ என்று தலைப்பு, கீழே தென்னை மட்டையில் ஒரு பெண் குழந்தை. தலையில் துண்டு கட்டியிருக்கிறாள்.

சறுக்குவண்டிப் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏதோ ஒரு வரி குறைகிறது. யாரைக் கேட்பது? பிள்ளைகளைக் கேட்டால் “ஒண்ணும் இல்ல ஆயா, ஒக்காந்தா போவும்” என்கிறார்கள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

சேர்த்தேன்: “இறங்கும்போது வாயை மூடிக்கொள்ளவும். இல்லையேல் நாக்கைக் கடித்துக்கொள்ள நேரிடும்.”

விடியலில் பாறையடியில் சந்திரம்மா என் தலையில் கட்டிவிட்ட துண்டைத் துவைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். புடவைக் கிழிசலை வெளிச்சத்தில் தைக்க வேண்டும். இன்று ரசத்தில் மிளகு வேண்டாம்.