கோமதிக்குக் கைநழுவிப் போன இடம்

1996, ஆடி மாதம், செவ்வாய் இரவு.

பாளையங்கோட்டையில் கல்லூரிப் பேராசிரியை எஸ்தர் டீச்சர் வீட்டில் இன்று இருந்தவர்கள்: டீச்சர், என் பேத்தி கோமதி, அவள் அப்பாவான என் மகன் சங்கரலிங்கம், அவள் தாய்மாமன் ஆறுமுகம், நான்.

நிர்வாகவியலில் டாக்டர் பட்டத்துக்குச் சேர கோமதிக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. எம்.பி.ஏ.வில் முதல் வகுப்பு. நுழைவுத் தேர்விலும் தேறிவிட்டாள். ஆராய்ச்சி வழிகாட்டியாக இருக்க டீச்சர் போன மாதமே ஒத்துக்கொண்டார். முழுநேரமும் படிக்க வீட்டில் சம்மதமா என்று மட்டும் கேட்டார். "தாய்மாமனைக் கேக்காம எப்படிச் சொல்ல?" என்று இழுத்தான் சங்கரலிங்கம்.

ராதாபுரத்தில் கோயில் கொடைத் திருவிழா முடிந்து ஆறுமுகம் இன்றுதான் வந்தான். சங்கரலிங்கத்தின் கல்யாணப் பந்தியில் அப்பளம் உடைந்திருந்தது என்று எழுந்து போனவன். இன்றுவரை அவனோடு எனக்குப் பேச்சில்லை. விஷயத்தைக் கேட்டதும் அப்படிப்பட்டவனே சிரித்துவிட்டான்.

"இதுக்கா மச்சான் எனக்காகக் காத்துக் கெடந்தீரு? பிள்ள படிக்கட்டும் வே!"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு வழிகாட்டி இத்தனை பேரைத்தான் எடுக்கலாம்னு விதி இருக்கும்மா. கடைசி இடத்தைப் போன வாரம் வேற பிள்ளைக்குக் கொடுத்துட்டேன்."

"அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்" என்றான் சங்கரலிங்கம். படிப்பு இல்லையென்றால் தையில் அவளைக் கட்டிக்கொடுத்துவிடுவான். அது அவளுக்கும் தெரியும்.

பஸ்ஸில் அவள் கையைப் பிடித்தேன். உருவிக்கொண்டாள். "நீங்களாவது அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா ஆச்சி."

என்னை யார் கேட்டார்கள்? இந்த வீட்டில் என்னை யார் எதைக் கேட்டார்கள்?

சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை. அடுத்த அறையில் ஒருவன் நிம்மதியாகக் குறட்டை விடுகிறான். அவனை மன்னிக்கவே மாட்டேன், என் வயிற்றில் பிறந்த சங்கரலிங்கத்தை.