பின்வரிசைப் புள்ளிகள்

ஜொகூர் பாரு
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஷர்மினி,

வாட்ஸ்அப்பில் நீலக்குறி மட்டும் வருகிறது, பதில் வருவதில்லை. அதனால் கடிதம். சுகம்தானே? நீ நம் கல்லூரியை விட்டுச் சிங்கப்பூருக்குப் போன பிறகு உன் மேசையில் பிரிண்டரை வைத்துவிட்டார்கள். மதியம் அதோடுதான் சாப்பிடுகிறேன்.

என் கணித வகுப்பில் பின்னால் உட்கார்ந்து, இருக்கைப் படம் வரைந்து, வாய் திறந்த பிள்ளைகளுக்கெல்லாம் புள்ளி வைத்தாயே, நினைவிருக்கிறதா? முன்வரிசை முழுக்கப் புள்ளி. சாஆ ஊர்த் தீபனும் பாலோ எஸ்டேட்டிலிருந்து வரும் பிள்ளைகளும் உட்காரும் பின்வரிசை வெறுமை. "யாருக்குடி பாடம் நடத்துற?" என்றாய். அவ்வளவு கோபம் வந்தது. ஆனால் நம் ஆய்வு அங்கேதான் தொடங்கியது.

இப்போது கேள்வி கேட்டதும் இரண்டிரண்டு பேராகப் பேசவிடுகிறேன். பலன் உண்டா என்று பார்க்க இன்னொருவர் வந்து மறுபடி புள்ளி வைக்க வேண்டும். அது இல்லாமல் கட்டுரை நிற்காது. கட்டுரை இல்லாமல் என் வேலை ஒப்பந்தம் நீளாது. இங்கே எல்லாரையும் கேட்டுவிட்டேன். "பாடம் நடத்துறதெல்லாம் ஆராய்ச்சியா?" என்று துறைத் தலைவர் சிரித்தார். அந்தப் பிள்ளைகளைச் சோம்பேறி என்று சொல்ல மட்டும் அவருக்கு நேரம் இருக்கிறது.

28ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து மணி. பாலம் தாண்டி ஒரே ஒரு நாள் வா.

உன்
ஜெரால்டின்

சிங்கப்பூர்
15 ஆகஸ்ட் 2025

ஜெரி,

கோவிச்சுக்காதே லா. லீவு கிடைக்காது. பாலத்து ஜாமிலேயே பாதி நாள் போய்விடும்.

எதுக்கு இந்தப் பாடு? பிள்ளைகளை உனக்குத் தெரியாதா? நீயே புள்ளி வைத்து அனுப்பு, நான் கையெழுத்துப் போடுகிறேன். எவன் பார்க்கப்போறான்? அந்த ஊமை தீபனுக்கும் ரெண்டு புள்ளி சேர்த்து வை, பாவம்!

பேசாமல் நீயும் இங்கே வந்துவிடு.

ஷர்மினி

ஜொகூர் பாரு
29 ஆகஸ்ட் 2025

ஷர்மினி,

நேற்றுப் பத்து மணிக்கு வகுப்புக் கதவைச் சாத்தவில்லை. சும்மாதான்.

எவனும் பார்க்கமாட்டான், உண்மை. அந்தப் பிள்ளைகளை யாருமே பார்ப்பதில்லை என்றுதானே நாம் எழுதப் புறப்பட்டோம்? பார்க்காமலே சோம்பேறி என்கிறார் துறைத் தலைவர். பார்க்காமலே புள்ளி வைக்கச் சொல்கிறாய் நீ.

இருக்கைப் படத்தை வெறுமையாகவே கட்டுரையோடு அனுப்பிவிட்டேன். படிவத்தில் பார்வையாளர் பெயர் கேட்ட இடத்தில் 'யாரும் வரவில்லை' என்று எழுதினேன். ஒப்பந்தம் என்ன ஆகும் என்று தெரியும்.

நேற்று தீபன் எழுந்து நின்றான். "மிஸ், நீங்க போர்டுல போட்ட ரெண்டாவது வரி தப்பு." தப்புதான். பின்வரிசையே கைதட்டியது.

வகுப்பின் பின்னால் நீ உட்கார்ந்த நாற்காலியைப் பார்த்தேன். புள்ளி வைக்க யாரும் இல்லை.

ஜெரால்டின்