மீன் அடுப்புக்காரி

மார்ச் 3
அதிபர் மாளிகைச் சமையலறையில் மீன் அடுப்பு என்னுடையது. வாரத்தில் பாதி நாள் அதிபர் சாப்பிடுவது நான் சமைக்கும் மீனைத்தான். ஆனால் மேசைக்குப் போகும் உணவுப் பட்டியல் அட்டையில் செஃப்பின் பெயர் மட்டும் இருக்கும். எல்லா அடுப்புக்கும் சேர்த்து ஒரு பெயர். அதை அநியாயம் என்று நினைத்ததில்லை. இன்று நினைக்க வைத்துவிட்டார்கள்.

செஃப் தனியாகக் கூப்பிட்டார். அம்மாவும் அப்பாவும் விட்டுவந்த நாட்டின் அதிபர் மாதக் கடைசியில் விருந்துக்கு வருகிறாராம்.

"உங்க ஊர்ச் சாப்பாடு நீயே பண்ணிடு. பரிமாறும்போது வெளிய வந்து நில்லு. அட்டையில உன் பேர் போடச் சொல்லியிருக்காங்க."

"நான் பொறந்தது இங்கதான், செஃப்."

"அதனால என்ன? கையில இருக்கும்ல?"

கையைப் பார்த்தேன். வெண்ணெய் தெறித்த தழும்பு இருந்தது.

மார்ச் 4
சந்தோஷமா, அவமானமா? பெயர் வருகிறது — எனக்குத் தெரியாத சமையலுக்கு.

மார்ச் 8
அம்மா வீட்டுக்குப் போனேன். சின்ன வயதில் அடுப்படிக்குள் தலையை நீட்டினாலே "போய்ப் படி" என்று விரட்டியவள். குழம்பு வைக்கச் சொல்லித் தா என்றேன். யாருக்கு என்றாள். சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அந்த ஆளுக்கா? அவன் ஆளுங்க கதவத் தட்டுன அன்னிக்கு, உலையில இருந்த சோத்த அப்படியே விட்டுட்டு ஓடி வந்தோம். என் கைப்பக்குவம் அவன் வாய்க்குப் போகக் கூடாது."

"சமைக்கப் போறது நான்மா."

"உன் இஷ்டம். உனக்கு அது வேலை. எனக்கில்ல."

முடியாது என்று செஃப்பிடம் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லல? ஒரு அட்டையில பேர் வரும்னா? அவ்வளவு அல்பமா நான்?

மார்ச் 19
நாக்கின் ஞாபகத்தை வைத்துக்கொண்டு குழம்பு வைத்துப் பார்க்கிறேன். நிறம் வந்துவிட்டது. ருசி வேறு யார் வீட்டிலோ இருக்கிறது.

மார்ச் 29
விருந்து முடிந்தது. துவைத்த வெள்ளைக் கோட்டோடு மேசையருகே நின்றேன். விருந்தாளி ஒரு வாய் சாப்பிட்டுக் கண்ணை மூடினார். "அப்படியே எங்க அம்மா வச்ச மாதிரி இருக்கு." எல்லோரும் கைதட்டினார்கள். பொய் சொன்னாரா, இல்லை அவருக்கே மறந்துவிட்டதா?

எங்கள் அதிபர் என்னை முதல்முறையாகப் பார்த்தார். "இத்தனை நாள் எங்கம்மா இருந்தீங்க?"

சுவருக்கு அந்தப் பக்கம். மீன் அடுப்பில். சொல்லவில்லை. சிரித்தேன்.

மார்ச் 30
மிச்சக் குழம்பை அம்மாவிடம் கொண்டுபோனேன். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"இது எந்த ஊர்க் குழம்பு?"

"உங்க ஊருது."

"எங்க ஊர்ல இப்படி வச்சிருந்தா, பொண்ணு பாக்க வந்தவன் பின்வாசல் வழியா ஓடியிருப்பான்."

இருவரும் சிரித்தோம். எனக்கு மட்டும் ஏன் அது அழுகையில் போய் முடிந்தது?

ஏப்ரல் 5
பதவி உயர்வாம். இனி வெளிநாட்டு விருந்துகளில் "உங்க ஊர்ச் சமையல்", என் பெயரிலேயே. மீன் அடுப்புக்கு வேறு ஆள்.

"இத்தனை நாள் மீன் சமைச்சது யாருன்னு அதிபருக்குத் தெரியுமா, செஃப்?"

"மீன் மீன்தானே. யார் சமைச்சா என்ன?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பெயருக்கு ஆசைப்பட்டேன்; கிடைத்தது. அடுப்பு போகிறது. யார்மேல் கோபப்படுவது?

ஏப்ரல் 7
வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "உனக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா?" என்றார் செஃப். தெரியவில்லை. மத்தியானம் நான் சமைத்த மீன் அவர் பெயரோடு மேசைக்குப் போனது. ஜெயித்தேனா, தோற்றேனா?

ஏப்ரல் 10
அம்மா ஃபோன் செய்தாள்.

"ஞாயித்துக்கிழமை வா. குழம்பு வைக்கச் சொல்லித் தரேன்."

"இப்ப எதுக்கும்மா? அந்த வேலையத்தான் வேணாம்னுட்டேனே."

"தெரியும். அதான் கூப்பிடுறேன்."