குழுவில் ஐந்தாவது ஆள்

திருவண்ணாமலை
16.3.2023

தங்கை பச்சையம்மாளுக்கு அக்கா வெள்ளையம்மாள் எழுதுவது.

நான் இங்கே நலமில்லை. நீ அங்கே நலமா என்று கேட்கவும் மனம் வரவில்லை. உன் ஓசூர் விலாசத்தைக் கீழ்பென்னாத்தூர் சித்தப்பா வீட்டில் வாங்கினேன். அத்தனை தூரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குச் சொல்லவில்லை.

நம்பரை மாற்றிவிட்டாய். மாற்றாமல் இருந்தாலும் போன் செய்திருக்க மாட்டேன். போனில் நீ அழுவாய். நீ அழுதால் சின்ன வயதிலிருந்தே எனக்குச் சண்டை போட வராது. காகிதத்தில் அழுகை கேட்காது என்பதால் எழுதுகிறேன். நான் பஸ் போர்டையும் சுவர் விளம்பரத்தையும் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றவள். உன்னை எட்டாவது வரை படிக்க வைத்தேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது தெரியுமா? கடன் குழுக் கூட்டத்துக்கு மணிமொழி வீட்டு வாசலில் எப்போதும்போல் பாய் விரித்து, ஐந்து பேர் உட்காரும் இடத்தில் நாலு பேர் உட்கார்ந்தோம். உறுதிமொழி சொன்னோம். கடன் கம்பெனித் தம்பி புகழேந்தி பணத்தை வாங்கிக்கொண்டு, "அஞ்சாவது ஆள் எங்கம்மா?" என்றான். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்டவேண்டும், கட்டும்வரை பாயை விட்டு ஒருவரும் எழக்கூடாது. உனக்குத் தெரியாத விதியா?

அருணாதேவி லாட்ஜ் வேலைக்குப் போகவேண்டும். "எட்டு மணி தாண்டினா சூப்பர்வைசர் உள்ளயே உடமாட்டான் தம்பி" என்று கெஞ்சினாள். புகழேந்தி பாவம், மேலதிகாரிக்குப் போன் போட்டான், போன் வைத்தான், உட்காருங்கள் என்றான். வெயில் ஏறியது. மணிமொழி என்னைப் பார்த்து, "அக்கா தங்கச்சி சேந்து ஆடுற நாடகத்துக்கு நாங்க எதுக்குக்கா டிக்கெட் வாங்கணும்?" என்றாள். என் வாயைத் தெரியும் உனக்கு. அன்றைக்கு முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எண்ணினேன். கடைசியில் தமிழ்செல்வி உள்ளே போய்த் தன் குழந்தையின் வெள்ளி அரைஞாணைக் கழற்றிக்கொண்டு அடகுக் கடைக்குப் போனாள். நான் மாவு விற்ற காசைப் போட்டேன். அப்புறம்தான் எழுந்தோம்.

அந்த மூன்று பேரும் கேட்க, புகழேந்தியிடம் உனக்கு உடம்பு சரியில்லை, வேலூரில் சேர்த்திருக்கிறது என்று சொன்னேன். ஓடிவிட்டாள் என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை.

பணம் கேட்டு இதை எழுதவில்லை. அடுத்த செவ்வாய் பஸ் ஏறி வா. பாயில் உட்கார். அந்த மூன்று பேர் முகத்தைப் பார்த்து, முடியவில்லை, அவகாசம் கொடுங்கள் என்று உன் வாயால் சொல். அதற்கு மேல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அக்கா,
வெள்ளையம்மாள்


ஓசூர்
2.4.2023

அன்புள்ள அக்காவின் காலைத் தொட்டுப் பச்சை எழுதுவது.

கவரின் மேல் உன் எழுத்தைப் பார்த்தேன். பிரிக்காமல் இரண்டு நாள் அரிசி டப்பாவில் வைத்திருந்தேன்.

அக்கா, நான் ஆசைப்பட்டு ஓடவில்லை. கிரிவலப் பாதையில் எங்கள் ஜூஸ் வண்டிக்குப் பௌர்ணமியன்று மட்டும்தான் வியாபாரம். தவணையோ வாரா வாரம். என் வீட்டுக்காரர் சகாதேவனுக்கு வயிற்று ஆபரேஷன் வந்தது. கம்பெனித் தவணையைக் கட்டத் தினவட்டிக்காரனிடம் தண்டல் வாங்கினேன். அந்தத் தண்டலைக் கட்ட இன்னொரு தண்டல். கடைசியில் அந்த ஆள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். "வண்டி போதாது, பொண்ணு பிள்ளை யாராவது இருக்காங்களா?" என்று சிரித்தான். மறுநாள் விடிந்ததும் மகன் வல்லரசு வந்து எங்களை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். இங்கே ஒரு கம்பெனி கேண்டீனில் தட்டுக் கழுவுகிறேன். அங்கே வந்தால் தண்டல்காரன் விடமாட்டான்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதே. எனக்குக் கடன் வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னேன். உனக்குக் கிரைண்டர் வாங்கவேண்டும், நாலு பேர்தான் இருக்கிறோம், ஐந்து பேர் இல்லாமல் கம்பெனி தராது என்று நீதான் என்னைக் கூட்டிப்போய்ப் பாயில் உட்கார வைத்தாய். "வாங்கி வையிடி, வட்டி கம்மி, எதுக்காவது ஆவும்" என்றாய்.

மாதம் கொஞ்சம் கொஞ்சமாக உனக்கு அனுப்பட்டுமா?

உன் தங்கை,
பச்சை


திருவண்ணாமலை
13.4.2023

பச்சைக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். ஆமாம், நான்தான் உன்னைச் சேர்த்தேன். கிரைண்டருக்காகத்தான் சேர்த்தேன். மறைக்க ஒன்றுமில்லை. அதனால்தான் உன் தவணையை இந்த வாரத்திலிருந்து நான் ஒருத்தியே கட்டுகிறேன். ஆசிரமத்துப் பக்கம் இன்னும் இரண்டு கடைகளுக்கு மாவு பிடித்திருக்கிறேன். தமிழ்செல்வியின் அரைஞாணை மீட்டுக் கொடுத்துவிட்டேன். அவள் வேண்டாம் என்றாள். கையைப் பிடித்துத் திணித்தேன்.

ஆனால் மணிமொழியையும் அருணாதேவியையும் தமிழ்செல்வியையும் நீ என்ன கணக்கில் விட்டுப் போனாய்? அவர்களுக்குக் கிரைண்டர் வந்ததா? நீ நல்லவள் என்று நான் சொன்னதைக் கேட்டு உனக்காகக் கைநாட்டு வைத்தவர்கள்.

மாதம் கொஞ்சம் அனுப்புகிறேன் என்கிறாய். வேண்டாம். அந்தக் காசில் உன் வீட்டுக்காரருக்கு மருந்து வாங்கு. தண்டல்காரனுக்குப் பயந்தால் என் வீட்டில் இரு, எவன் வருகிறான் பார்க்கிறேன். நீ வரவேண்டும். நேரில் சொல்லவேண்டும். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

அக்கா


ஓசூர்
20.11.2023

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழெட்டு முறை எழுதிக் கிழித்தேன். தீபத்துக்கு வரலாம் என்று வல்லரசு டிக்கெட்கூடப் போட்டான். பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பிவிட்டேன். கூட்டத்தில் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது? மணிமொழி நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டால் என்ன சொல்வேன்? அவள் வாய் உனக்கே தெரியும். கன்னத்தில் அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். கேள்வியைத்தான் வாங்க முடியாது.

எனக்கும் சேர்த்து ஒரு விளக்கு ஏற்று அக்கா.

பச்சை


திருவண்ணாமலை
8.2.2024

பச்சைக்கு,

உன் கடன் முந்தாநாள் முடிந்தது. ஒரு வாரமும் தவறவில்லை. மழையில் கடைகள் மூடிக் கிடந்தபோதும் செவ்வாய்க்கிழமை உன் பணம் பாயின் மேல் இருந்தது. நீ வேலூரிலிருந்து மகன் வீட்டுக்குப் போய்விட்டாய், பணம் மட்டும் அனுப்புகிறாய் என்று புகழேந்தி நம்புகிறான்.

என் கடனும் முடிந்தது. கிரைண்டர் மோட்டார் எரிந்துவிட்டது, புதிதாக ஒரு கடன் கொடு என்று கேட்டேன். அந்தப் பிள்ளை டேப்லெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "உங்களுக்கு அறுபது ஆயிடுச்சும்மா. சிஸ்டம் எடுக்காது."

"நான் கட்டினதெல்லாம் சிஸ்டத்துல இருக்குதில்ல?"

"இருக்குதும்மா. வயசும் இருக்குது."

எழுந்து வந்துவிட்டேன். இப்போது மோட்டாருக்குத் தண்டல்தான் வாங்கியிருக்கிறேன். சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்.

என் இடத்தில் வேறு ஆள் வருகிறாள். நம் பழைய குழு கலையும் முன் கடைசியாக ஒரு முறை கேட்கிறேன். கடன் இல்லை, பாக்கி இல்லை. வந்து மூன்று பேரையும் பார்த்துவிட்டுப் போ. தமிழ்செல்வி போன வாரம்கூட, "பச்சக்கா நல்லா இருக்குதா?" என்று கேட்டாள். அந்த மணிமொழியும், "வரச் சொல்லுக்கா, முழுங்கிட மாட்டேன்" என்றாள். நீ வந்தால் மீன்குழம்பு வைக்கிறேன். இதற்கு மேல் நான் எப்படிக் கூப்பிடுவது?

அக்கா


ஓசூர்
8.6.2024

அன்புள்ள அக்காவுக்குப் பச்சை வணக்கம்.

நல்ல செய்தி. நம் கம்பெனிக்கு இங்கேயும் கிளை இருக்கிறது. கேண்டீனுக்குப் பக்கத்தில் புதுக் குழு சேர்த்தார்கள். பயந்துகொண்டேதான் ஆதாரைக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு மேனேஜரம்மா எழுந்து நின்று கை கொடுத்தார். ஒரு தவணைகூடத் தவறாத கஸ்டமர் என்று சொல்லி மற்றவர்களிடம் என்னைக் காட்டி, "இவங்களை மாதிரி கட்டணும்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது அக்கா. எண்பதாயிரம் கொடுத்தார்கள்.

அதில் பாதியை வல்லரசு கையில் கொடுத்தனுப்புகிறேன். நீ எனக்காகக் கட்டியது. தண்டலை அடைத்துவிடு, மோட்டாருக்குப் பாக்கி வைக்காதே. அந்த மூன்று பேருக்கும் ஆளுக்கொரு புடவை எடுத்துக்கொடு, நான் கொடுத்தேன் என்று சொல். நேரில் வர எனக்குத் தெம்பில்லை. இத்தோடு என்னை மன்னித்துவிடு.

உன் பச்சை


திருவண்ணாமலை
9.6.2024

பச்சையம்மாளுக்கு,

உன் மகன் வெளியே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். அவன் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். பணக்கட்டை நான் பிரிக்கவில்லை. அப்படியே திரும்பி வரும்.

அவனிடம் கேட்டேன். "உங்கம்மா குழுவுல யார் யார்டா?"

"தெரியாது பெரிம்மா. புதுசா சேந்தவங்க. ஒருத்தங்க பூ கட்டுறாங்க. ஒருத்தங்க பீகார்க்காரங்க."

"வாரா வாரம் கட்ட முடியுமாடா உங்களால?"

"பாக்கலாம் பெரிம்மா."

"முடியலன்னா?"

அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னான். "முடியலன்னா ரூமை மாத்திக்குவோம்."

நீ கை தட்டு வாங்கினாயே, அந்தப் பூக்காரியும் தட்டியிருப்பாள். உனக்காகக் கையெழுத்தும் போட்டிருப்பாள். அவள் பெயராவது உனக்குத் தெரியுமா? நான் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு செவ்வாயும் போய் உட்கார்ந்தேன். அந்தப் பெயரைக் காட்டித்தான் இப்போது இன்னும் நாலு பேரைப் பாயில் உட்கார வைத்திருக்கிறாய். நீ ஓடிவிட்டாய் என்று அன்றைக்கே நான் சொல்லியிருந்தால் ஓசூரில் உனக்கு ஒரு ரூபாய் கிடைத்திருக்காது. உன்னால் வந்த கஷ்டம் மூன்று பேரோடு போயிருக்கும்.

இந்தப் பணம் என்னுடையது என்கிறாய். என் பணம் போன பிப்ரவரியோடு முடிந்தது. இது அந்த நாலு பேருடைய பணம். இதில் நான் தண்டல் அடைக்கமாட்டேன். மணிமொழிக்கும் மற்றவர்களுக்கும் இதில் புடவை எடுக்கமாட்டேன். நாளைக்கே கம்பெனிக்குப் போ. கையில் மிச்சமிருப்பதையும் இதையும் கட்டு. மீதிக்குத் தட்டுக் கழுவு.

இன்று சாயங்காலம் மணிமொழி வீட்டுக்குப் போகிறேன். மூன்று பேரையும் அங்கே வரச் சொல்லியிருக்கிறேன். நீ சொல்லவேண்டியதை நான் சொல்லப்போகிறேன். என் தங்கை உங்களை விட்டு ஓடினாள், ஆஸ்பத்திரி என்றதெல்லாம் பொய், மன்னித்துவிடுங்கள் என்று. அறுபது வயதில் இது எனக்கு எழுதியிருக்கிறது. சொல்லிவிட்டு வந்து படுத்தால் தூக்கம் வரும் என்று நினைக்கிறேன்.

இத்தனை நாள் வா வா என்று எழுதினேன். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வல்லரசுக்குச் சோறு போட்டேன், பஸ்ஸுக்குக் காசு கொடுத்தேன். அவன் எப்போது வந்தாலும் இந்த வீட்டில் அவனுக்குத் தட்டு உண்டு. நீ வராதே.

வெள்ளையம்மாள்