பத்து வரி கேட்டீர்களே

என் அன்பான வீட்டுக்காரருக்கு,

நாங்கள் மூவரும் சுகம். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? மழையில் நனையாமல் இருக்கிறீர்களா? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. என்னைத் திட்டுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது, அதனால் கவலை வேண்டாம். சின்னக்குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. பேசினால் காற்றுதான் வருகிறதாம், அதனால் அப்பாவோடு போனில் பேசமாட்டாளாம்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். கிரேனின் அடிக்கால் வெல்டிங்கில் விரிசல் கண்டிருக்கிறது. உங்கள் மேலதிகாரியிடம் அதைக் கையால் காட்டிச் சொன்னதற்கு, திங்கட்கிழமை மீட்டிங்கில் சொல்லிக்கொள் என்று தட்டிக்கழித்துவிட்டார். மழையால் நிற்கிற கிரேன் மீட்டிங்குக்கு மறுநாளே ஓட ஆரம்பித்துவிடும். தமிழ் தெரியாத அத்தனை பேர் நடுவில் இங்கிலீஷில் வாய் திறக்க உங்களுக்குப் பயம். நீ இன்ஜினியரிங் காலேஜ் இங்கிலீஷ் டீச்சர்தானே, பத்து வரி எழுதி அனுப்பு, உருப்போட்டு ஒப்பித்துவிடுகிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் எழுதி அனுப்பப்போவதில்லை. கோபப்படாமல் மேலே படியுங்கள்.

என் மூன்றாம் வருஷப் பிள்ளைகளின் கூத்தைக் கேளுங்கள். இன்டர்வியூவில் தன்னைப் பற்றிச் சொல்ல, எந்தக் காலத்திலோ ஒரு சீனியர் எழுதிவைத்ததை மொத்த வகுப்பும் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறது. பழகிப் பார்க்கட்டும் என்று ஒரு கம்பெனி அதிகாரியை வரவழைத்தேன். பல் டாக்டரின் மகள் எழுந்து, என் அப்பா தையல்காரர் என்று கணீரென்று ஒப்பித்தாள். எழுதிய சீனியரின் அப்பா தையல்காரராம்! அந்த மனுஷர் சும்மா இருக்காமல், அப்பா அதிகமாக என்ன தைப்பார் என்று கேட்டுவிட்டார். பிள்ளை மறுபடி முதல் வரியிலிருந்து ஒப்பிக்கத் தொடங்கி, பாதியில் கண் கலங்கிவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் பாவமாக இருந்தது. ஒப்பிக்கிறவர்களைக் குடை சாய்க்க ஒரே ஒரு எதிர்க்கேள்வி போதும்.

பெண்கள் விடுதியைப் பார்த்துக்கொள்கிற வேலையும் என் தலையில் விழுந்திருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? அங்கே வாஷிங் மெஷின் படுத்துவிட்டது. புகார் சொல்ல வேண்டிய நம்பரில் இங்கிலீஷ் தவிர வேறெதுவும் செல்லாது. நீங்களே பேசுங்கள் மிஸ் என்று எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். முடியவே முடியாது, உங்கள் துணி, உங்கள் வாய் என்று சொல்லிவிட்டேன். கல்நெஞ்சக்காரி என்று முதுகுக்குப் பின்னால் பட்டம் கொடுத்தார்களாம். கொடுக்கட்டும்.

அழுக்குத்துணி மலையாகக் குவிந்து, நாற்றம் மூக்கைத் துளைத்த பிறகு போனைப் பிடுங்கியது யார் தெரியுமா? எங்கள் உம்மணாமூஞ்சி! வருகைப் பதிவுக்குக்கூட வாயைத் திறக்காமல் கையைத் தூக்குகிற பெண். மெஷினின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்திருக்கிறாள் போல. மெஷின் டான்சிங், வாட்டர் நோ கோயிங், பம்ப் க்ரையிங் என்று ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் இருந்தவர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். இவள் ஒவ்வொன்றுக்கும் மெஷினுக்குள் எட்டிப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னாள். வார்த்தை வராத இடத்தில் கர்ர் என்று சத்தம் போட்டே காட்டினாள். இலக்கணம் கந்தல்தான். ஆனால் மறுநாள் மெக்கானிக் சரியான பம்போடு வந்து நின்றான். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இப்போது விடுதியே தலைகீழ். பஸ் ஸ்டாப்புக்கு நான் நடக்கும்போது நாலு பேர் கூடவே வந்து, தங்கள் ப்ராஜெக்ட்டை ஓட்டை இங்கிலீஷில் விளக்குகிறார்கள். ஃபேன் யார் பக்கம் திரும்ப வேண்டும் என்று நேற்று இங்கிலீஷிலேயே குடுமிப்பிடி சண்டை! வகுப்பில் நான் தொண்டை கிழியக் கத்தியும் வராதது, தேவை என்று வந்தபோது வந்துவிட்டது.

நீங்கள் எத்தனை வருஷமாக இரும்போடு புழங்குகிறவர்! என் பத்து வரியை ஒப்பித்தால், விரிசல் எவ்வளவு நீளம், எப்போது பார்த்தாய் என்று எவனாவது கேட்பான். பதினோராவது வரிக்கு எங்கே போவீர்கள்? அதனால் இன்றைக்கே வாசல் காவல்காரரைக் கூட்டிப்போய் விரிசலைக் காட்டி, தெரிந்த இங்கிலீஷில் சொல்லிப் பாருங்கள். நாளைக்குச் சமையல்காரரிடம் சொல்லுங்கள். விரிசலைப் போட்டோ எடுத்து, மீட்டிங்கில் மேஜைமேல் வையுங்கள். வார்த்தை வராவிட்டால் விரலால் காட்டுங்கள். சிரிக்கிறவன் சிரித்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன? வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும்.

அத்தையிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. வேலை இன்னும் முடியவில்லையா என்று கேட்டார், மழை என்று சொல்லிவைத்தேன்.

அந்தக் கிரேனுக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் யார் யார் என்று எழுதியிருந்தீர்கள். வெல்டர், கம்பி கட்டுகிறவர்கள், புதிதாகக் கல்யாணமான அந்தப் பையன். எல்லாரையும் சொன்ன மனுஷர், உங்களை மட்டும் சேர்த்துக்கொள்ளவே இல்லை. நான் சேர்த்துப் பார்த்தேன். அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

தப்புத் தப்பாகவே பேசுங்கள், என் ராசா. பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் போனுக்காகக் காத்திருக்கும்,
வீட்டுக்காரி